விடுமுறைக்கு யோசனை கேட்க யார் சரி: பக்கத்து வீட்டுக்காரரா, நட்சத்திர மதிப்பீடா, வழிகாட்டிப் புத்தகமா?

விடுமுறைக்கு எங்கேயாவது போகலாம் என்று வாய்விட்டுச் சொன்னாலே போதும், யோசனை சொல்ல வரிசைகட்டி வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தான் போய்வந்த கதையை மாடிப்படியிலேயே நிறுத்திவைத்துச் சொல்வார். போனைத் திறந்தால் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். அலமாரியில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் தூசி படிந்து கிடக்கும். இதில் யார் பேச்சைக் கேட்பது? என் ஓட்டு பக்கத்து வீட்டுக்குத்தான், அதை இப்போதே போட்டு உடைத்துவிடுகிறேன். அதற்காக அவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தகவல் சுத்தமா என்று மட்டும் பார்த்தால் இந்த மூன்றில் கடைசி இடம் அவருக்குத்தான்.

ஏன் கடைசி? போய்வந்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "அருமை, கட்டாயம் போயே ஆகணும்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. 1997இல் டெரன்ஸ் மிட்செலும் கூட ஆய்வு செய்தவர்களும், கலிபோர்னியாவில் மூன்று வாரம் சைக்கிளில் சுற்றியவர்கள், ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போனவர்கள் என்று சில குழுக்களிடம் கிளம்பும் முன், பயணத்தின் நடுவில், திரும்பி வந்த பிறகு என்று தனித்தனியாகக் கேட்டுப் பதிந்தார்கள். போகும் முன் இருந்த ஆசையும் வந்த பின் தங்கிய நினைவும், நடுவில் உண்மையாக அனுபவித்த பொழுதைவிட இனிப்பாக இருந்தன. மழையில் நனைந்து, கால் வலித்து, கூட வந்தவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் கழிந்த மத்தியானமெல்லாம் சில நாளில் கரைந்துபோகிறது, இல்லாவிட்டால் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற கதையாக மாறிவிடுகிறது.

உளவியலாளர் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் 1993இல் செய்த சோதனை இதைவிட வேடிக்கையானது. ஒரு முறை 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி, ஆனால் அந்தக் கடைசி அரை நிமிஷத்தில் மட்டும் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும். மறுபடி ஒன்றைச் செய்யவேண்டும் என்றால் எதைச் செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலானவர்கள் நீளமானதையே எடுத்தார்கள். மொத்த அவஸ்தை அதில்தான் அதிகம், ஆனாலும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் மனசு அதையே தேர்ந்தெடுத்தது. உச்சத்தையும் கடைசியையும் வைத்துத்தான் ஞாபகம் தீர்ப்பு எழுதுகிறது, எவ்வளவு நேரம் நடந்தது என்பதை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆக, கடைசி நாள் சாயங்காலம் வானம் சிவந்து பிரமாதமாக இருந்திருந்தால் முதல் இரண்டு நாள் வரிசையில் நின்றது காணாமல் போய்விடும். திரும்பி வருகிற விமானம் ராத்திரி முழுக்கத் தாமதமாகியிருந்தால், நல்ல ஊருக்கும் கெட்ட பேர்தான்.

இதோடு இன்னொன்றும் உண்டு. செலவழித்த பணம் வீண் என்று அடுத்த வீட்டாரிடம் ஒப்புக்கொள்ள யாருக்கும் லேசில் மனசு வராது.

சரி, அப்படியென்றால் நட்சத்திரங்களே மேல் என்று தோன்றும். ஒருத்தர் ஞாபகம் கோணினாலும் ஆயிரம் பேர் சேர்ந்தால் நேராகிவிடாதா? கொஞ்சம் ஆகும். தங்கும் அறை சுத்தமா, வெந்நீர் வருகிறதா, இணையம் கிடைக்கிறதா மாதிரியான விஷயங்களில் பக்கத்து வீட்டுக்காரரின் ஒரே ஒரு இரவைவிட இருநூறு பேர் சொல்வதற்கு மதிப்பு அதிகம்தான், அதில் வாதமே இல்லை. போன வாரம் எழுதிய விமர்சனமும் அங்கே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தால் அந்த விடுதி இதற்குள் கைமாறிக்கூட இருக்கலாம்.

ஆனால் மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதுகிறவர்கள் யார் என்று பாருங்கள். துள்ளிக் குதித்தவர்களும் கொதித்துப் போனவர்களும்தான். "பரவாயில்லை, பொழுது போச்சு" என்று வீட்டுக்கு வந்தவர் எழுதுவதே இல்லை. இணைய மதிப்பீடுகளை வரைபடமாகப் போட்டால் ஐந்தில் ஒரு கோபுரமும் ஒன்றில் ஒரு சின்ன மேடும் நடுவில் பள்ளமுமாக இருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். போலி விமர்சனம் தனிக் கதை. 2017இல் ஊபா பட்லர் என்கிற பத்திரிகையாளர், லண்டனில் தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்கிற விமர்சனத் தளத்தில் பதிவு செய்து, தெரிந்தவர்களை விட்டு விமர்சனம் எழுதவைத்தே லண்டனின் முதல் இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதுவரை ஒரு வாடிக்கையாளர்கூடச் சாப்பிட்டதில்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கத் தனி விதியே கொண்டுவந்தது என்றால் சரக்கு எவ்வளவு புழங்குகிறது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

போலியெல்லாம் போகட்டும், உண்மையான விமர்சனத்திலேயே எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. "அமைதியான இடம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு எது அமைதி? நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவரா, காட்டுக்குள் வீடு வைத்திருப்பவரா, காது கொஞ்சம் மந்தமா, ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் அதே வார்த்தையைச் சொன்னால் அவர் வீட்டு டிவி ராத்திரி பத்து மணிக்கு எந்த வால்யூமில் ஓடும் என்று நமக்குத் தெரியும், சுவர் வழியாகக் கேட்டிருக்கிறோம். விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்புகிற எதிர்வீட்டு அக்கா "நடக்கிற தூரம்தான்" என்றால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். முதல் மாடிக்கும் லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர் அதையே சொன்னால் நம்பிக் கிளம்பலாம். குழந்தையை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா என்று கேட்கிறோம், அவர் வீட்டுக் குழந்தை எவ்வளவு அடம்பிடிக்கும் என்பது நமக்கு அத்துப்படி. அவர் தரும் தகவல் கோணலாக இருக்கலாம், ஆனால் எந்தப் பக்கம், எவ்வளவு கோணல் என்று தெரியும். முகம் தெரியாதவரிடம் அந்தக் கணக்கைப் போடவே வழியில்லை.

இன்னொரு வசதி, பக்கத்து வீட்டுக்காரரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நல்ல கேள்வியாகக் கேட்டால் ஞாபகத்தின் மினுக்கு தானாக உதிரும். நான் எப்போதும் கேட்பது, "மூணாவது நாள் மத்தியானம் என்ன செஞ்சீங்க?" என்றுதான். முதல் நாளைப் பற்றி யாரும் அழகாகச் சொல்வார்கள், கடைசி நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மத்தியானம் என்றதும் ஒரு நிமிஷம் யோசித்து, "அன்னைக்கா... அன்னைக்கு ரூம்லயேதான் இருந்தோம், வெயில் தாங்கலை, பார்க்கிறதுக்கும் ஒண்ணும் மிச்சமில்லை" என்று வந்துவிழும். அப்போது தெரிந்துவிடும், அது இரண்டு நாள் ஊர், ஐந்து நாள் ஊர் இல்லை. "திரும்பப் போனா எதை விட்டுடுவீங்க?" என்பதும் நல்ல கேள்வி. "பிடிச்சதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்குப் பதில் தயாராக வைத்திருப்பார்கள்.

போட்டோவைக் காட்டச் சொல்வதானால் எடுத்து வடிகட்டிய ஆல்பத்தைக் கேட்காதீர்கள், போனில் இருக்கும் மொத்தத்தையும் தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள். அழகான படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மங்கலான படங்களில்தான் தலைகளும் குடைகளும் கம்பித் தடுப்பும் தெரியும், கூட்டம் எவ்வளவு என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். (லிண்டா ஹென்கெல் என்பவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அந்தப் பொருள்கள் குறைவாகவே ஞாபகம் இருந்தன. அதனால் படம் நிறைய வைத்திருப்பவர் நிறையப் பார்த்தவர் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.)

அப்புறம் புத்தகம். பயண வழிகாட்டி என்பது பழைய வியாபாரம். லண்டனில் ஜான் மர்ரியின் கையேடுகள் 1836இல் வரத் தொடங்கின, ஜெர்மனியின் பேடெக்கர் வழிகாட்டிகள் பார்க்கவேண்டிய இடங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்ததும் அதே நூற்றாண்டில்தான். இன்றைய ஐந்து நட்சத்திரத்துக்கு அதுதான் தாத்தா. 1973இல் தொடங்கிய லோன்லி பிளானட் முதுகுப்பையோடு அலைகிறவர்களுக்கு வழி சொன்னது. புத்தகத்தின் பலம் வரிசை: எது பக்கத்தில் எது இருக்கிறது, எதை முடித்துவிட்டு எங்கே போவது, அந்தக் கட்டடம் ஏன் அங்கே நிற்கிறது என்று ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், தாஜ்மகால் வெள்ளிக்கிழமை திறக்காது, இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் இது அவருக்குத் தெரியவே தெரியாது, தெரியாததை எப்படிச் சொல்வார்?

பலவீனம் அச்சான தேதி. பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்க வெனிஸ் 2024 ஏப்ரலில் ஆரம்பித்தது, அதற்கு முன் அச்சான எந்தப் புத்தகத்திலும் அது இருக்க வழியில்லை. அதற்கு முன் போய்வந்தவர் வாயிலும் இருக்காது. திறக்கும் நேரம், கட்டணம், முன்பதிவு மூன்றுக்கும் அந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளம்தான் ஒரே வழி, அங்கே மற்ற யாரையும் நம்பவேண்டாம். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஐந்து நாள் திட்டம் கேட்டால் நொடியில் அடுக்கித் தரும், மூடிப்போன இடத்தையும் இல்லாத இடத்தையும் அதே தைரியத்தோடு தரும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதபோது ஒரு முதல் வரைவுக்கு ஆகும், அவ்வளவுதான்.

போகும் திட்டத்தை யாரிடம் சொல்வது என்று எடுத்துக்கொண்டால் போட்டியே கிடையாது. "இன்னும் மூணு நாள்ல கிளம்பறோம்" என்று ஊருக்கே தெரியும்படி படத்தோடு பதிவு போடுவது, வீடு பூட்டிக் கிடக்கும் என்று தேதி போட்டு அறிவிப்பதுதான். பக்கத்து வீட்டில் சொன்னால் வாசலில் விழுந்த பார்சலை எடுத்து உள்ளே வைக்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற, மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் போன் பண்ண ஒரு ஆள் கிடைக்கிறது. அதோடு, போகும் முன் பேசுவதே பாதி விடுமுறை. நெதர்லாந்தில் யெரூன் நாவெய்ன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், பயணம் போனவர்கள் கிளம்பும் முன்புதான் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, மிக நிதானமாக ஓய்வெடுத்து வந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. படிக்கட்டில் நின்று எந்தப் பை எடுப்பது, எந்த ரயிலைப் பிடிப்பது என்று பேசும் அரைமணி நேரத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

வந்த பிறகு கதை சொல்ல யார் சரி என்பதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், டிமோத்தி வில்சன் மூவரும் 2017இல் எழுதியது. கேட்பவர் அறியாத புது அனுபவத்தைச் சொன்னால்தான் ரசிப்பார் என்று சொல்பவர்கள் நினைக்கிறார்கள், ஆனால் கேட்பவர்கள் தங்களுக்கும் தெரிந்த அனுபவத்தைக் கேட்கும்போதுதான் அதிகம் ரசித்தார்கள். தெரியாத இடத்தை வார்த்தையில் கட்டி எழுப்ப நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் திறமை போதாது, இடைவெளிகளைக் கேட்பவரே நிரப்பவேண்டியிருக்கிறது. அந்த இடத்துக்கு உங்களை அனுப்பியதே பக்கத்து வீட்டுக்காரர் என்றால் நிரப்ப அவரிடம் எல்லாம் இருக்கிறது. "அந்த வளைவுல திரும்பினதும் ஒரு கல் மண்டபம் வருமே" என்றால் போதும், மீதியை அவர் சொல்வார். நட்சத்திரம் போட்டவரிடம் இப்படித் திரும்பிப் போய்ப் பேச முடியுமா?

பக்கத்து வீட்டுக்காரரிடமும் குறை இல்லாமல் இல்லை. அவர் சொன்ன இடத்துக்குப் போகாமல் வேறெங்கோ போய்வந்தால் ஒரு வாரத்துக்கு முகம் தூக்கி வைத்துக்கொள்வார். போட்டிக்குக் கதை சொல்கிறவர்களும் உண்டு. நீங்கள் மலைக்குப் போகிறேன் என்றால் அதைவிட உயரமான மலைக்கு அவர் ஏற்கெனவே போயிருப்பார். அப்படிப்பட்டவரிடம் யோசனை கேட்கவேண்டாம், கதை மட்டும் கேட்டுக்கொண்டு நட்சத்திரம் பக்கம் போய்விடலாம். அங்கே போனால் ஐந்தையும் ஒன்றையும் தாண்டி, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள், நிறையும் குறையும் கலந்து எழுதுகிறவர்கள் அவர்கள்தான்.

அவர் சொல்லி நாம் போன இடம் நமக்குப் பிடிக்காமல் போனால் என்ன சொல்வது என்று சிலர் தவிப்பார்கள். பூசி மெழுகவேண்டாம். "இடம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நீங்க சொன்னதைவிடக் கூட்டம் ரொம்ப அதிகம்" என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும், "ஆமா, நாங்க போனப்பவும் கொஞ்சம் கூட்டம்தான்" என்று அவரே இறங்கி வருவார். அடுத்த தடவை அவர் "கூட்டமே இருக்காது" என்று சொல்லும்போது எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.