பழைய பட்டுப்புடவை: விரித்து எடுப்பதா, தொங்கவிட்டு எடுப்பதா?

நாலைந்து முறை கட்டிய காஞ்சிப் பட்டை ஆன்லைனில் விற்கும்போது, வாங்குகிறவர் தொட்டுப் பார்க்க முடியாது. போட்டோதான் எல்லாம். நான் இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

கொடியில் தொங்கவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். துணி விழுகிற அழகும் தெரியும். ஷிஃபான், ஜார்ஜெட்டுக்கு அதுவே சரி. பட்டு கனமானது. ஜரிகை பார்டர் தன் எடையில் இழுத்து வளையும். பின்னால் ஜன்னல் இருந்தால் இன்னும் மோசம், அரக்கு நிறம் கறுப்பாகிவிடும்.

விரிப்பதற்கு இடம் வேண்டும், பொறுமையும் வேண்டும். கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு, அதன்மேல் முந்தானையை விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். ட்யூப்லைட், ஃபிளாஷ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் பட்டால் படத்தில் ஜரிகை வெளுத்துத் தெரியும். படத்தில் வேட்டி நீலமோ மஞ்சளோ அடிக்காமல் வெள்ளையாகவே தெரிந்தால், புடவையின் நிறத்தையும் நம்பலாம். மடிப்பில் பட்டு இற்றுப்போன கோடு இந்த வெளிச்சத்தில்தான் கண்ணில் படும். தயவுசெய்து அதை மறைக்காதீர்கள், கிட்டப் போய் எடுங்கள். ஓட்டை இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு புரியும்.

என்னைக் கேட்டால் பட்டுக்கு விரிப்புதான். அப்புறம், தைத்த ரவிக்கையும் சேர்த்து விற்பதாக இருந்தால் அதை மட்டும் ஹேங்கரில் மாட்டி எடுங்கள். கழுத்து வெட்டும் கை நீளமும் அதில் தெளிவாகத் தெரியும்.