கேள்வியும் பதிவாகும் நீதிமன்றம்: ஓயே ஒலிப்பதிவுத் தளம்

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் 31 வருஷம் சுருக்கெழுத்தராக இருந்தேன். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 வார்த்தை, பிட்மன் முறை. எங்கள் கோர்ட்டில் சாட்சியம் பதிவாகும் விதமே தனி. வக்கீல் கேட்ட கேள்வி பெரும்பாலும் தாளில் நிற்காது. கேள்வியும் பதிலும் சேர்ந்து, சாட்சி தானாகச் சொன்னது போல ஒரே வாக்கியமாகிவிடும். ‘நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.’ அந்தப் பதிலுக்கு முன்னால் சாட்சி அரை நிமிடம் தலைகுனிந்து நின்றது எந்தத் தாளிலும் வராது. எனக்கு மட்டும் நினைவிருக்கும்.

அதனால்தான் ஓயே என்கிற இணையதளம் என்னைப் பிடித்துக்கொண்டது. தேடும்போது ஓ, ஒய், இ, இசட் என்று நான்கு எழுத்து போட்டால் போதும். நீதிமன்றம் கூடும்போது சேவகர் கூவும் பழைய சொல் அது. ‘கேளுங்கள்’ என்று அர்த்தம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1955 முதல் பதிவு செய்துவரும் வாதங்களை அதில் கேட்கலாம். காசு கிடையாது. ஒலி ஓட ஓட, பேசுகிறவரின் படமும் அவர் சொல்லும் வரியும் திரையில் வரும்.

இதை எனக்குக் காட்டியது என் மகள். பாஸ்டனில் வேலை பார்க்கிறாள். 2019இல் அங்கேயே ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டாள். எட்டு மாதம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஒருநாள் போனில், “அம்மா, முப்பது வருஷம் கோர்ட்ல இருந்தியே, எங்க கேஸ ஒரு தடவ கேட்டுப் பாரும்மா” என்றாள். எங்க கேஸ் என்று அவள் சொன்னது ஓபர்கெஃபெல் வழக்கு. ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளலாமா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கு. நரிமேடு வீட்டு மொட்டை மாடியில், கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் போட்டுக் கேட்டேன். மொத்தம் இரண்டரை மணி நேரம்.

28 ஏப்ரல் 2015 அன்று நடந்த வாதம் அது. ஒஹையோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னஸி ஆகிய நான்கு மாநிலங்களின் வழக்குகளைச் சேர்த்து விசாரித்தார்கள். மனுதாரர்கள் பக்கம் முதலில் பேசுபவர் மேரி பொனாட்டோ. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வழக்கை நடத்தியவரும் இவர்தான். அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2003 நவம்பரில் 4க்கு 3 என்று தீர்ப்புச் சொல்லி, 17 மே 2004 முதல் ஒரே பாலினத்தவர் திருமணம் அங்கே செல்லுபடியானது. எங்கள் ஐகோர்ட் கிளை ஒத்தக்கடையில் திறந்ததும் அதே வருஷம் ஜூலையில்தான். நாங்கள் இங்கே புதுக் கட்டடம் பார்க்கப் போன நாட்களில், என் மகளின் கல்யாணத்துக்கான சட்டம் அங்கே தயாராகிவிட்டிருந்தது.

நீதிபதி கென்னடி பேச ஆரம்பிக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். ‘ஆயிரமாயிரம் ஆண்டுகள்’ என்ற சொல்தான் தனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்கிறார். அந்தச் சொல்லுக்கு முன்னால் லேசாகத் திக்குகிறார். எழுத்தில் வாசித்தால் அவர் எதிர்ப்பக்கம் என்றுதான் நினைப்போம். குரலில் ஒரு தயக்கம் இருக்கிறது. 26 ஜூன் 2015 அன்று, 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், திருமண உரிமை எல்லா மாநிலத்திலும் உண்டு என்று தீர்ப்பெழுதியவர் அவரேதான். நீதிபதி கின்ஸ்பர்க் மெல்லிய குரலில், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டுப் பேசுகிறார். கணவன் தலைவன், மனைவி அவனுக்குக் கீழே என்றிருந்த பழைய திருமணச் சட்டமே மாறிவிட்டதே என்கிறார். வரதட்சணை வழக்குகளில் எத்தனை பெண்களின் சாட்சியம் எழுதியிருப்பேன். அந்த இடத்தை நான்கு முறை திருப்பிப் போட்டேன்.

மத்திய அரசு வழக்கறிஞர் வெரில்லியும் மனுதாரர்கள் பக்கமே பேசுகிறார். அவர் முடிக்கும் விதம் நன்றாக இருக்கும்.

இந்த வாதம் இரண்டு பகுதியாக இருக்கிறது. பொதுவாக எல்லோரும் முதல் பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் பகுதிதான் முக்கியம் என்பேன். ஒரு மாநிலத்தில் நடந்த திருமணத்தை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டுமா என்பது அதில் கேள்வி. ஜிம் ஓபர்கெஃபெல்லின் துணைவர் ஜான் ஆர்தர் நரம்பு நோயில் படுக்கையில் கிடந்தார். சொந்த மாநிலமான ஒஹையோவில் வழியில்லை. மருத்துவ விமானத்தில் மேரிலாந்து போய், பால்டிமோர் விமான நிலையத்தில், விமானத்துக்குள்ளேயே 2013 ஜூலையில் திருமணம் செய்துகொண்டு திரும்பினார்கள். மூன்று மாதத்தில் ஆர்தர் இறந்துபோனார். இறப்புச் சான்றிதழில் துணைவர் பெயர் வரவேண்டும், அவ்வளவுதான் வழக்கு. இறப்புச் சான்றிதழில் ஒரு பெயருக்காக வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறியவர்களை இங்கேயும் பார்த்திருக்கிறேன். நியூயார்க்கில் திருமணம் செய்து, டென்னஸிக்குப் பணிக்கு வந்த ஒரு ராணுவக்காரர் கதையும் இந்தப் பகுதியில் வருகிறது. எல்லை தாண்டியதும் அவர் மணமாகாதவர்.

என் மகளும் அப்படித்தான். பாஸ்டனில் மணமானவள், அவனியாபுரத்தில் விமானம் இறங்கினால் சட்டப்படி தனி ஆள்.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது என்று வழக்கமாக எழுதுவார்களே, அதுவும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். மாநில நீதிமன்ற வாதங்கள் இதில் வராது. உச்ச நீதிமன்றம் மட்டும்தான். அதனால் மாசசூசெட்ஸ் வாதமோ, 2009இல் எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக இத்தகைய திருமணத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த அயோவா வழக்கோ இங்கே கிடைக்காது. அயோவாவில் அடுத்த வருஷமே மக்கள் ஓட்டுப் போட்டு அந்த நீதிபதிகளில் மூவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அப்புறம், இரண்டு ஆண்கள் திருமண உரிமை கேட்டுப் போட்ட மினசோட்டாவின் பேக்கர் வழக்கு. 1972இல் உச்ச நீதிமன்றம் வாதமே கேட்காமல் ஒரு வரியில் தள்ளுபடி செய்தது. கேட்க ஒரு குரலும் இல்லாத அந்த ஒரு வரிதான் 40 வருஷத்துக்கு மேல் குறுக்கே நின்றது.

நம் உச்ச நீதிமன்றமும் 2023இல் இதே விஷயத்தை ஏப்ரல், மே மாதங்களில் 10 நாள் கேட்டது. நேரலையில் காட்டினார்கள், ஒருநாள் விடாமல் பார்த்தேன். 17 அக்டோபர் அன்று, திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்தது. அன்று நான் சமைக்கவில்லை. ஆனால் ஒத்தக்கடைக் கிளையிலேயே 2019இல், ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று ஒரு தூத்துக்குடித் தம்பதியின் திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டதும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

போன தை மாதம் மகளும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்குச் சுற்றுலா விசாதான். மாடியில் பாய் விரித்து இரண்டாம் பகுதியைப் போட்டோம். கை சும்மா இருக்காமல் நான் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். ஓய்வுக்குப் பிறகு முதல் முறை. ஒரு நோட்டு நிறைந்தது. அதில் ஓர் எழுத்துகூட அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஊருக்குத் திரும்பும்போது மருமகள் அதைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.