காருக்கு ஆக்சிஜன் சென்சார் (புகைல எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு பாத்து வண்டி கம்ப்யூட்டருக்கு சொல்ற பார்ட்) வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க, எனக்கு 4,800 ரூபா போச்சு

கடைக்காரன் இப்பதான் போன கட் பண்ணிட்டான், ஆத்திரம் அடங்கல. புளியரை செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு மலை இறங்கி கொல்லம் ரோட்டுல போனா ஒரு டவுன்ல இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பேர் போடல. பழைய ஆக்சிஜன் சென்சார புதுசுன்னு சொல்லி வித்து 4,800 ரூபா வாங்கிட்டான்.

வண்டில இன்ஜின் செக் லைட் எரிஞ்சிட்டே இருந்துச்சு, ஸ்கேனர்ல பி0135னு கோடு, அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகைய சுத்தம் பண்ற பார்ட்) முன்னாடி இருக்கிற சென்சாரோட ஹீட்டர்ல கோளாறு. அது போயிட்டா சென்சார் சூடாக லேட்டாகும், அதுவரைக்கும் கம்ப்யூட்டர் குத்துமதிப்பா தான் பெட்ரோல் விடும். ப்யூஸ் பாத்தேன், நல்லா இருந்துச்சு. அப்பாவ செக்கப்புக்கு திருவனந்தபுரம் கூட்டிட்டு போற வண்டி, தள்ளிப்போட முடியாது. தென்காசில ஸ்டாக் இல்லன்னாங்க, அதான் மலை தாண்டினேன்.

கடைக்காரன் பேசின பேச்சு இருக்கே. தென்காசின்னதும் "அட நம்மூரு, எங்கம்மா வீடு செங்கோட்டை தான்"னு ஸ்டூல் போட்டு டீ வாங்கி குடுத்தான். அவனே டப்பாவ பிரிச்சு, ஹோலோகிராம் ஸ்டிக்கர காட்டி, "ஒரிஜினல் அண்ணாச்சி, ஏதாச்சும்னா நேரா என்கிட்ட வாங்க, நான் இருக்கேன்"னான். பில் கேட்டதுக்கு மிஷின் ரிப்பேர், ராத்திரி வாட்சப்ல அனுப்புறேன்னு சொல்லி ஒரு துண்டுச் சீட்டுல 4,800னு எழுதி குடுத்தான். அந்த பில் இன்னைக்கு வரைக்கும் வரல.

வீட்ல பொறுமையா தான் மாட்டினேன், பேட்டரி வயர கழட்டி, இன்ஜின் லேசா சூடா இருக்கும்போதே 22 சாக்கெட் போட்டு பழச எடுத்து, மரைல மட்டும் கிரீஸ் தடவி புதுச ஏத்தினேன். கோட அழிச்சிட்டு ஓட்டினா திரும்ப அதே பி0135. மல்டிமீட்டர்ல ஹீட்டர் வயர் ரெண்டையும் பாத்தா ரீடிங்கே இல்ல. எங்க தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி டார்ச் அடிச்சு காட்டினாரு, ஆறுபட்டை நட்டுல பழைய நம்பர கிரைண்டர்ல தேச்ச தடம், மேல புதுசா மையில அச்சு. அழுத்தி துடைச்சா கையோட வருது.

போன் பண்ணேன். மொதல்ல "நீங்களே மாட்டினீங்களா, மெக்கானிக் மாட்டலன்னா வாரண்டி கிடையாது"ன்னான். அப்புறம் முதலாளி சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரு, வந்ததும் பாக்கலாம்னான். அப்புறம் உங்க வண்டி கம்ப்யூட்டர் தான் போயிருக்கும்னான். நேர்ல போனா, டீ வாங்கி குடுத்த அதே ஆள் தமிழே தெரியாத மாதிரி "ஃபிட் செய்த சாதனம் திரிச்செடுக்கில்ல"ன்னு, அதாவது மாட்டின பொருள திருப்பி எடுக்க மாட்டோம்னு மலையாளத்துல சொல்லிட்டு அடுத்த கஸ்டமர்கிட்ட திரும்பிட்டான். எனக்கு மலையாளம் நல்லாவே வரும், மலையாளத்துலயே கேட்டேன், பதிலே இல்ல. அந்தப் பக்கம் நியாயமான கடைங்க எவ்வளவோ இருக்கு, நான் சொல்றது இந்த ஒரு ஆள பத்தி. நாலாயிரத்து எண்ணூறு ரூபா, அப்பாவோட மருந்து செலவுக்கு வச்சிருந்த காசு.

வீட்லயே எப்படி மாத்துறதுன்னு விரிவா எழுதணும்னு இருந்தேன், இப்ப முடியல. இத மட்டும் பாத்துக்கோங்க. கடையிலயே மல்டிமீட்டர் வச்சு ஒரே கலர்ல இருக்கிற ரெண்டு வயர பாருங்க, பெரும்பாலும் அதான் ஹீட்டர், சில ஓம்ஸ் காட்டணும், ஒண்ணுமே காட்டலன்னா வாங்காதீங்க. நட்டுல நம்பர் பொறிச்சிருக்கா மையான்னு நகத்தால சுரண்டி பாருங்க. சென்சார் முனைல கிரீஸோ சிலிக்கானோ படக்கூடாது. ஜிஎஸ்டி பில் கைக்கு வராம காசு அனுப்பாதீங்க. நான் யுபிஐ ரசீதையும் அந்த துண்டுச் சீட்டையும் வச்சு 1915ல (தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்) கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், பழைய சென்சார், டப்பா எல்லாம் தூக்கிப் போடாம வச்சிருக்கேன், நீங்களும் எதையும் தூக்கிப் போட்றாதீங்க.