லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்: 14,800 ரூபாயும் போச்சு, பழைய ஹார்ட் டிஸ்க்கும் போச்சு

கடையிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. திருச்சியில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயர் போடாதே என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் பெயரைப் போடவில்லை. பெரிய ஷோரூம் இல்லை. குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு மேஜை, சுவர் முழுக்க சார்ஜரும் கீபோர்டும் தொங்கும். அந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். போன பணம் 14,800 ரூபாய். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் போயிருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வீட்டு லேப்டாப் ஆறு வருடம் பழசு. 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டு அடுப்பில் பாலை வைத்து, காபி கலந்து குடித்து முடித்தாலும் திறந்திருக்காது. பெண் காலேஜ் அசைன்மென்ட் செய்ய வேண்டும், மாமனாரின் பென்ஷன் காகிதங்களும் அதில்தான். எதிர் வீட்டு அண்ணனிடம் கேட்டேன். "நம்ம ஏரியா பையன்தாம்மா, என் லேப்டாப்பையே அவன்கிட்டதான் குடுத்தேன். என் பேரைச் சொல்லு" என்றார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். ரொம்ப மரியாதையாகப் பேசினார். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, என் கண் முன்னாலேயே லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினார். ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, "காதை வச்சுக் கேளுங்க மேடம், டக் டக்னு சத்தம் வருதா? இது இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு" என்றார். எனக்குப் பதறிவிட்டது. அதில்தான் எல்லாம் இருக்கிறது. பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாப் படங்கள், எங்கள் எல்லோருடைய ஆதார், பான், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், மாமியார் உயிரோடு இருந்தபோது எடுத்த வீடியோக்கள். வேறெங்கும் காப்பி இல்லை.

அப்போதுதான் அவர் அந்த வேலையைச் செய்தார். தன் மானிட்டரை என் பக்கம் திருப்பி, எங்கள் போட்டோ ஃபோல்டரைத் திறந்து, "பாருங்க மேடம், உங்க வீட்டு ஃபங்ஷன் போட்டோ. பாப்பாதானே இது? எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துடறேன், என் பொறுப்பு" என்றார். திரையில் என் பெண் பட்டுப்பாவாடையில் நிற்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில் அவர் என்ன தொகை கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

கணக்கைச் சொன்னார். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான டிஸ்க், எஸ்எஸ்டி என்பார்கள், புது 512 ஜிபி 6,500. டேட்டா ரெக்கவரி 5,000. ஒரிஜினல் விண்டோஸ் 2,500. சர்வீஸ் 800. மொத்தம் 14,800 ரூபாய், ஒரு வருட வாரண்டி. லேப்டாப்பின் பாஸ்வேர்டைக் கேட்டு, ஒரு வெள்ளை டேப்பில் மார்க்கரால் எழுதி மூடியின் மேல் ஒட்டினார். மேஜையில் இருந்த எல்லா லேப்டாப்பிலும் அதே மாதிரி டேப், டேப்பில் பாஸ்வேர்டு. கடைக்கு வருகிற போகிற எல்லோரும் படிக்கலாம்.

திரும்பி வந்த லேப்டாப் முதலில் நன்றாகத்தான் ஓடியது. கொஞ்ச நாளில் நடு நடுவே உறைந்து நின்றது. பெண் எழுதிக்கொண்டிருந்த ரெக்கார்டு பாதியில் போய்விட்டது. கீழ் வீட்டில் டிப்ளமோ படிக்கிற தம்பி இருக்கிறான், அவனைக் கூப்பிட்டேன். அவன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அக்கா, இது புதுசுன்னா சொன்னாங்க?" என்றான். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது என்பதை அந்த டிஸ்க்கே கணக்கு வைத்திருக்குமாம். 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்று ஒரு வரி. புது டிஸ்க்கில் அது சில மணி நேரம்தான் காட்ட வேண்டும். எங்களுடையதில் 19,000-க்கு மேல். ராத்திரி பகலாக இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய டிஸ்க். யாருடைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதோ. அதற்கு 6,500 ரூபாய்.

அடுத்தது விண்டோஸ். லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸுடன் வந்திருந்தால் அதன் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருக்குமாம். டிஸ்க்கை மாற்றி அதே வகை விண்டோஸை ஏற்றி நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை. எங்களுடையது விண்டோஸுடன் வந்ததுதான். இவர் அதையும் செய்யாமல், லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஆக்டிவேட் ஆனதாகக் காட்டுகிற ஆக்டிவேட்டர் என்கிற திருட்டு மென்பொருளைப் போட்டிருக்கிறார். அது மாட்டிக்கொள்ளாமல் இருக்க, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரிடம் ஒரு ஃபோல்டரைக் குறிப்பிட்டு 'இதைச் சோதிக்காதே' என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஃபோல்டரில் நாளைக்கு எந்த வைரஸ் வந்து உட்கார்ந்தாலும் கண்டுகொள்ளாது. இதற்கு 2,500 ரூபாய், பெயர் ஒரிஜினல்.

அப்புறம் தம்பி காட்டியதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. வெளியிலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்குகிற ரிமோட் மென்பொருள் ஒன்று உள்ளே இருந்தது. லேப்டாப் ஆன் ஆனதும் தானே ஆன் ஆகும்படி, நம்மிடம் அனுமதி கேட்காமலே உள்ளே வரும்படி அதற்கு ஒரு பாஸ்வேர்டும் வைத்திருக்கிறார்கள். என் பெண் அந்த லேப்டாப்பை அவள் அறையில் வைத்துப் படிக்கிறாள், மூடுவதே இல்லை. கேமரா அவளைப் பார்த்தபடிதான் இருக்கும். யாராவது உள்ளே வந்தார்களா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. வந்திருக்க முடியும் என்பதே போதும்.

டேட்டா ரெக்கவரி 5,000 என்றாரே, அதையும் தம்பிதான் கேட்டான். "அவர் மானிட்டர்ல போட்டோ எல்லாம் தெரிஞ்சுதுல்லக்கா? அப்ப டிஸ்க் படிக்குதுன்னுதானே அர்த்தம்? அப்படியே காப்பி பண்ண வேண்டியதுதானே, இதுல ரெக்கவரி எங்க வந்துச்சு?" அப்புறம் அவன் கேட்ட இன்னொரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "பழைய ஹார்ட் டிஸ்க் எங்கக்கா?"

அது என்னிடம் இல்லை. கடைக்காரர் கொடுக்கவேயில்லை.

போன் செய்தேன். "அது செத்துப் போச்சு மேடம், ஸ்க்ராப்புல போட்டாச்சு." மறுபடி செய்தபோது எடுத்த பையன், "எக்ஸ்சேஞ்சுல போயிருக்கும்ங்க, அண்ணன் வந்தா சொல்றேன்" என்றான். நேரில் போனால் கதவைத் திறந்ததும், "சார் வெளிய போயிருக்காரு, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால், டிஸ்க் வாரண்டிக்குக் கம்பெனிக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். ஆறு வருடப் பழைய டிஸ்க்குக்கு எந்தக் கம்பெனி வாரண்டி தருகிறது? ஒரே டிஸ்க் ஸ்க்ராப்பிலும் இருக்கிறது, எக்ஸ்சேஞ்சிலும் இருக்கிறது, கம்பெனியிலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பவர் ஆன் ஹவர்ஸ் படத்தை அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

இன்றைக்கு எதிர் வீட்டு அண்ணனே கூட வந்தார். அவர் முகத்துக்காவது மரியாதை இருக்கும் என்று நினைத்தேன். கடைக்காரர் அவரைப் பார்த்து, "அண்ணே, நீங்க சொன்னதாலதான் கம்மியா வாங்கினேன். மேடத்துக்குக் கம்ப்யூட்டர் பத்தித் தெரியல, யாரோ சின்னப் பையன் சொல்றான்னு வந்து நிக்கிறாங்க" என்றார். என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. புது டிஸ்க் என்றால் அதன் பெட்டி எங்கே என்று கேட்டேன், பெட்டியெல்லாம் வைக்க மாட்டோம் என்றார். பில் கேட்டேன். அவர் முதலில் கொடுத்தது எஸ்டிமேட் என்று மேலே அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, டிஸ்க்கின் சீரியல் நம்பர் இல்லை. 14,800 ரூபாயை நான் ஜிபேயில் அனுப்பியதும் கடைப் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு. "அதுதான் பில்லு, போலீசுக்குப் போறதுன்னா போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கஸ்டமரிடம் திரும்பிவிட்டார். அந்தக் கஸ்டமர் கையில் லேப்டாப்போடு காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி. பாஸ்வேர்டு சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், "வியாபாரத்தக் கெடுக்காதீங்க மேடம்" என்று கதவைத் திறந்து காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழ் வீட்டுத் தம்பியிடம் போனார். அதிலும் அதே ரிமோட் மென்பொருள். மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை இது.

பணம் போனது வலிக்கிறது. 14,800 ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்தப் பழைய டிஸ்க்கை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறதே, யாரால் திறக்க முடியும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். என்கிரிப்ஷன் என்கிற தனிப் பூட்டு போடாத டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்தப் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை, எல்லா ஃபைலும் திறக்கும். ஃபார்மட் செய்துவிட்டோம் என்று அவர்கள் சொன்னாலும் நம்பாதீர்கள். சாதாரண ஃபார்மட்டுக்குப் பிறகும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்க இலவச மென்பொருளே கிடைக்கிறது. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேப்டாப்புகளைச் சர்வீஸ் கடைகளுக்குக் கொடுத்துச் சோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஆறு கடைகளில் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், இரண்டு கடைகளில் காப்பியும் எடுத்திருக்கிறார்கள். பெண் இதைப் படித்துவிட்டு என்னிடம் காட்டினாள். காட்டிவிட்டு, "என் போட்டோ எல்லாம் அவங்ககிட்ட இருக்குமாம்மா?" என்றாள். என்ன பதில் சொல்ல?

போலீஸ் ஸ்டேஷனில் பில் இருக்கிறதா என்று கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை. நாம் நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலை வெளியே விடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கை நடுங்குகிறது, இன்னும் பாங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி முடிக்கவில்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்க்ரீன், கீபோர்டு, கீல் மாதிரி ரிப்பேர் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு லேப்டாப்பைக் கொடுங்கள், சோதிக்க அவர்களிடம் வேறு டிஸ்க் இருக்கும். டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள், செத்த டிஸ்க்காக இருந்தாலும் சரி. புதுசு என்றால் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, கடையிலேயே பவர் ஆன் ஹவர்ஸ் பாருங்கள். சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் தராவிட்டால் வந்துவிடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருந்தால் இன்றைக்கே ஆன் செய்து, அந்தப் பூட்டைத் திறக்கிற ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள், அப்புறம் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினாலும் படிக்க முடியாது. சாம்சங் போனைச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் நம் சொந்த ஃபைல்களை மறைத்து வைக்கிற மெயின்டனன்ஸ் மோடு இருக்கிறதா பார்த்து அதில் போட்டுக் கொடுங்கள்.

ஏற்கெனவே எங்களைப் போல மாட்டியிருந்தால், முதலில் நெட்டைத் துண்டித்து அந்த ரிமோட் மென்பொருளை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்றாதீர்கள், போனில் மாற்றுங்கள். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள். உங்கள் பெயரில் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், கடன் வாங்கியிருக்கிறார்களா என்று சிபில் மாதிரி நிறுவனங்களில் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக ரிப்போர்ட் எடுக்கலாம்.

திருச்சியில் மாடிப்படி ஏறிப் போகிற கடை ஒன்றில் சமீபத்தில் எஸ்எஸ்டி மாற்றியவர்கள், மூடியில் வெள்ளை டேப் ஒட்டியிருந்த தடம் இருப்பவர்கள், இன்றைக்கே உங்கள் டிஸ்க்கின் மணிக்கணக்கைப் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். மனுவில் எங்களோடு உங்கள் பெயரையும் சேர்க்கலாம்.