சதவீத டெண்டரா, இனவாரி டெண்டரா: பாறை நிலத்துக்கு எது பொருந்தும்?

தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் கழிவுநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் எடுத்தால், மண் முடிந்து பாறை எந்த ஆழத்தில் தட்டும் என்பது தோண்டிய பிறகே தெரிகிறது. அதனால் ஒப்பந்தப்புள்ளியை எந்த முறையில் கோருவது என்பது இங்கே பணத்தை நேரடியாகப் பாதிக்கும் முடிவு.

சதவீத முறையில் ஒப்பந்ததாரர், டெண்டர் கோருபவர் போட்ட செலவு மதிப்பீடான எஸ்டிமேட்டுக்கு இத்தனை சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்று ஒரே எண்ணைத் தருகிறார். இனவாரி முறையில் மண், பாறை, கான்கிரீட் என ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதுகிறார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எஸ்டிமேட்டில் மண் 100 கன மீட்டர், விலை 200 ரூபாய். பாறை 20 கன மீட்டர், விலை 1,000 ரூபாய். ஆக 40,000 ரூபாய். முதலாமவர் எல்லாவற்றிலும் 10 சதவீதம் குறைத்து 36,000 கேட்கிறார். இரண்டாமவர் மண்ணுக்கு 120, பாறைக்கு 1,150 என்று எழுதி 35,000 ரூபாயில் முந்திவிடுகிறார். வேலை நடக்கும்போது மண் 60, பாறை 60 என்று மாறினால், முதலாமவரின் பில் 64,800 ரூபாய்தான்; தேர்வானவரின் பில்லோ 76,200. நிலத்தை அறிந்தவர் பாறை விலையை ஏற்றிவைக்க, இனவாரி முறை இப்படி இடம் கொடுக்கிறது. சதவீத முறையில் அளவு எப்படி மாறினாலும் குறைந்த விலைக்காரர் குறைந்த விலைக்காரராகவே இருப்பார்.

ஆனால் எஸ்டிமேட்டில் உள்ள பிழையைச் சதவீத முறை அப்படியே சுமக்கும். மலைக்கிராமத்துக்கு ஜல்லி ஏற்றிச் செல்லும் தூரத்தைக் குறைத்துப் போட்டிருந்தால், நேர்மையானவர் ஒதுங்கிவிடுவார், அல்லது எடுத்தவர் தரத்தில் கைவைப்பார். பல வகை வேலைகள் சேரும் பெரிய பணிக்கு, அந்தந்த வேலையின் உண்மைச் செலவைக் காட்டும் இனவாரி முறையே தகும்.

1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் இரண்டு முறைகளுக்கும் பொது. இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். விலை பேசுவதும் குறைந்த விலைக்காரரிடம் மட்டுமே.

ஊராட்சி அளவிலான பள்ள வேலைக்குச் சதவீத முறையையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் டெண்டருக்கு முன்பே சோதனைக் குழிகள் தோண்டி, பாறை தட்டிய ஆழத்தை எல்லா ஒப்பந்ததாரர்களும் பார்க்கும்படி ஆவணத்தில் சேர்க்க வேண்டும். பள்ளத்தை மூடுவதற்கு முன் பாறையை அளந்து எம்.புக்கில் (அளவுப் பதிவேட்டில்) ஏற்றுவதும் கட்டாயம்; மண் போட்டு மூடிய பின் எழுதும் அளவை யாராலும் சரிபார்க்க முடியாது.