தாமான் நெகாரா செல்வோர் கவனத்திற்கு: ஜெராண்டுட்டில் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பகாங் மாநிலத்தில் உள்ள தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா நிறுவனத்தின் துணையின்றிச் சொந்தமாகச் செல்லத் திட்டமிட்டிருப்பவர்கள், ஜெராண்டுட் நகரில் எந்த முகவரிடமும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விடுமுறையில் நானும் என் தம்பியும் அங்கு சென்றபோது, ஒரு முகவர் எங்களிடம் 420 ரிங்கிட் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, ஒப்புக்கொண்டவற்றில் பெரும்பாலானதைச் செய்யாமலே விட்டுவிட்டார்.

வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் யாரையும் விடமாட்டார்கள் என்றும், நுழைவு அனுமதியை முகவர் மூலமாகத்தான் பெற முடியும் என்றும், படகில் இடமெல்லாம் பேக்கேஜ் எடுத்தவர்களுக்கே ஒதுக்கப்பட்டுவிட்டது என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. பூங்காவின் வாசலில் உள்ள கோலா தஹான் கிராமத்தில், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பெர்ஹிலித்தான் (வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை) முகப்பில், பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிக் கொடுத்த சில நிமிடங்களிலேயே அனுமதிச் சீட்டு கிடைத்துவிடுகிறது. நாங்கள் சென்றபோது அதற்கு ஆளுக்கு ஒரு ரிங்கிட், கேமராவுக்கு ஐந்து ரிங்கிட். புக்கிட் தெரெசெக் குன்றுக்கும் அதைச் சுற்றியுள்ள குறியிட்ட பாதைகளுக்கும் வழிகாட்டி தேவையில்லை. 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தஹான் மலையேற்றத்துக்கோ வழிகாட்டி கட்டாயம். அந்த ஒரு விதியை எடுத்து முழுக் காட்டுக்கும் பொருந்துவதாக அவர் நீட்டிச் சொன்னதால்தான், அவருடைய பேச்சில் சந்தேகப்பட இடமில்லாமல் போயிற்று. பகாங், கிளந்தான், திரெங்கானு என மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள ஒரு மழைக்காட்டுக்கு அரசு ஒரே ஒரு ரிங்கிட் கட்டணம் வைத்திருந்தது, வசதியில்லாதவரும் வந்து பார்க்கட்டும் என்பதற்காகத்தான் என்று நான் கருதுகிறேன். அந்தக் கதவை இடையில் நின்று அடைத்து வைத்துக் காசு பார்ப்பது எனக்கு மிகவும் வேதனையளிக்கிறது.

கோலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து ஆற்றுவழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அழைத்துச் செல்வதாகப் பேசியிருந்தார்கள். மூன்று மணி நேரம் இருகரையும் காடாக விரியும் அந்தப் பயணத்துக்காகவே என் தம்பி வந்திருந்தான். காலையில் படகுக்குப் பதில் வேன் வந்தது. ஆற்றில் நீர் குறைந்துவிட்டது என்றார் ஓட்டுநர். ஆனால் நாங்கள் கோலா தஹானில் இறங்கிய சற்று நேரத்திலேயே, பயணிகளும் மூட்டைகளுமாக ஒரு நீளப்படகு அதே ஆற்றுவழியாக வந்து கரை சேர்ந்தது. படகுக் கட்டணத்தில் ஒரு சென்னும் திரும்பி வரவில்லை.

பேக்கேஜில் சேர்த்திருந்த மரஉச்சிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்தது. எங்களிடம் பணம் வாங்கிய நாளுக்கு முந்தைய வாரத் தேதியுடன் அந்த அறிவிப்பு முகப்பிலேயே ஒட்டப்பட்டிருந்தது. இரவில் தங்கி விலங்குகளைப் பார்க்கும் பும்புன் கும்பாங் பரணில் எங்கள் பெயருக்குப் படுக்கை பதிவு செய்திருப்பதாகச் சொல்லப்பட்டது. அதிகாரி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி எந்தப் பதிவும் இல்லையென்று கூறிவிட்டார்.

இவற்றையெல்லாம்கூடப் பண இழப்பு என்று விட்டுவிடலாம், ஆனால் மறுநாள் ஆற்றுச் சுழிப்புகளின் ஊடாக அழைத்துச் சென்ற படகில் நடந்ததை அப்படி விட முடியாது. எனக்குக் கொடுத்த உயிர்காப்பு மேலங்கியில் மேல் கொக்கி உடைந்திருந்தது. கீழ்க் கொக்கி இருந்த இடத்தில் சிவப்பு ராஃபியா கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள். என் தம்பியின் மேலங்கியில் தோள்பட்டைத் தையல் பிரிந்து உள்ளிருந்த நுரைப்பஞ்சு வெளியே தெரிந்தது. மாற்றித் தரும்படி கேட்டபோது, "வேறு இல்லை, இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் பதில். அந்தப் படகில் ஆறு ஏழு வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள். சுழிப்பு வந்ததும் பயணிகள் நனைய வேண்டும் என்பதற்காகப் படகை வேண்டுமென்றே பக்கவாட்டில் ஆட்டினார்கள். அன்றைக்கு யாராவது ஆற்றில் விழுந்திருந்தால் அந்த ராஃபியா முடிச்சு ஒருவரையும் காப்பாற்றியிருக்காது.

பாத்தேக் பூர்வக்குடியினரின் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றதும் அந்தப் பேக்கேஜில் அடக்கம். கிராமத்துக்கான நன்கொடை என்று ஆளுக்கு 20 ரிங்கிட் தனியாகப் பிடித்திருந்தார்கள். மூங்கிலை உரசித் தீ மூட்டிக் காட்டிய பெரியவரிடம் அந்தத் தொகையைப் பற்றி மலாயில் கேட்டேன். அப்படி எதுவும் தமக்கு வந்ததில்லை என்றார். வழிகாட்டி பேச்சை மாற்றிவிட்டார். எங்களுடன் வந்த ஒருவர் வழிநெடுக இருமிக்கொண்டே இருந்தார், அவரையும் யாரும் தடுக்கவில்லை. 2019-இல் கிளந்தானின் கோலா கோ (Kuala Koh) கிராமத்தில் பாத்தேக் மக்கள் பலர் தட்டம்மையால் இறந்ததை நாடே அறியும்; அதற்குப் பிறகும் இருமிக்கொண்டிருக்கும் ஒருவரை அவர்கள் குடிசை வாசல் வரை கூட்டிச் செல்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணத்தைத் திருப்பித் தரக் கேட்டபோது, ரசீதில் 'பேக்கேஜ்' என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை என்பதையே அந்த முகவர் எனக்கு எதிராகக் காட்டினார். ஆகவே பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டும் என்றால், படகா வேனா, எந்தப் பரணில் எத்தனை படுக்கை, எது மூடியிருந்தால் எவ்வளவு திரும்பும் என்பதை வரிவரியாக ரசீதில் எழுதி வாங்குங்கள். 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி சுற்றுலா நடத்துநருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு, சரிதானா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பரண் படுக்கைக்குப் பெர்ஹிலித்தானிடமே நேரில் கேட்கலாம். ஜெராண்டுட்டிலிருந்து கோலா தஹானுக்குச் சாலை இருக்கிறது, அங்கிருந்து முகப்புக்குச் சிறு படகில் ஆற்றைக் கடந்தால் போதும்.

அமைச்சுக்குப் படங்களுடன் புகார் அனுப்பியிருக்கிறேன். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திலும் மனுச் செய்திருக்கிறேன்; அங்கு வழக்கறிஞர் வைக்காமலே, ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதியலாம். அதே முகவரிடம் ஏமாந்தவர்கள் ரசீதையும் மேலங்கிகளின் படங்களையும் வைத்திருந்தால், தாமதிக்காமல் தங்கள் பங்குக்கு மனுச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.