மரபியல் பாடத்திற்கு ஒரு மணிப்பெட்டி: வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தபின்

காவேரிப்பட்டணம் அருகே பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் நான், மரபியல் பாடத்திற்காக இந்தச் செயல்பாட்டுப் பெட்டியைக் கிருஷ்ணகிரியில் 480 ரூபாய்க்கு வாங்கினேன். சிவப்பு, வெள்ளை மணிகள், துணிப்பைகள், பதிவுத் தாள்கள், மனிதப் பண்புகளைக் காட்டும் பட அட்டைகள், ஒரு செய்முறைத் தாள் ஆகியவை அதில் உள்ளன.

செயல்பாடு எளிமையானது. இரண்டு மாணவர்கள் இரு பெற்றோர் பட்டாணிச் செடிகளாகின்றனர். இருவர் பையிலும் சிவப்பும் வெள்ளையும் சம எண்ணிக்கையில் இருக்கும். பார்க்காமல் ஆளுக்கொரு மணியை எடுத்துச் சேர்த்து வைத்தால் அதுவே ஒரு சந்ததியின் ஜீனாக்கம், அதாவது அந்தப் பண்புக்கு அது பெற்ற மரபணு இணை. சிவப்பு நெட்டைக்கான ஓங்கு அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களுள், ஒன்றே இருந்தாலும் வெளிப்படும் வடிவம்) என்பதால், ஒரு சிவப்பு மணி இருந்தாலும் செடி நெட்டை. இரண்டும் வெள்ளையானால் மட்டுமே குட்டை. மணி இணையை ஒரு பத்தியிலும் செடியின் புறத்தோற்றத்தை (நெட்டையா குட்டையா என்பதை) அடுத்த பத்தியிலும் எழுத வேண்டும். ஆண்டுதோறும் கரும்பலகையில் புன்னட் கட்டம் (பெற்றோரின் அல்லீல்கள் சேரும் வாய்ப்புகளைக் காட்டும் கட்டம்) வரைந்து நான் சொல்லிவந்ததை, இந்த இரண்டு பத்திகள் மாணவர்களையே சொல்லவைத்தன. "அப்படியென்றால் நெட்டைச் செடியைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவே முடியாதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். உடனே ஒரு பையில் வெள்ளை மணிகளை மட்டும் நிரப்பி, எதிர்ப்பையில் இருப்பதைச் சந்ததியைக் கொண்டு கண்டுபிடிக்கச் சொன்னேன். நெட்டைச் செடியைக் குட்டைச் செடியுடன் கலந்து அதன் ஜீனாக்கத்தை அறியும், செய்முறைத் தாளில் இல்லாத இந்தச் சோதனைக் கலப்புதான் அன்றைய வகுப்பின் சிறந்த பகுதி.

பத்து முறை எடுத்த ஓர் இணைக்குப் பத்தும் நெட்டையாகவே வந்தன. பின் இருக்கை இணைக்குச் சரிபாதி குட்டை. தாங்கள் தவறு செய்துவிட்டதாக அவர்கள் வருந்தியபோது, வகுப்பின் எண்ணிக்கை அனைத்தையும் பலகையில் கூட்டினோம். நெட்டை, குட்டை விகிதம் எதிர்பார்த்த 3:1-ஐ நெருங்கியது. பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலுக்கே இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை என்றுதான் கிடைத்தது, அதாவது 2.84:1. இந்த எண்களைச் செய்முறைத் தாளில் அச்சிட்டிருக்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெள்ளை மணிகள் சற்றே சிறியவை; விரல் அதை உணர்ந்துகொள்வதால் தேர்வு தற்செயலானதாக இருப்பதில்லை. எடுத்த மணியை மீண்டும் பையில் போட வேண்டும் என்பதும் தாளில் இல்லை. போடாவிட்டால் ஒவ்வொரு முறையும் வாய்ப்பு மாறிவிடும். இவற்றைவிடப் பெரிய பிழை பட அட்டைகளில் உள்ளது. நாக்கைச் சுருட்டும் திறன் ஒரே மரபணுவால் அமைவதாக ஓர் அட்டை கூறுகிறது. 1940இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் அதை மரபுப் பண்பாக முன்வைத்தது உண்மை. ஆனால் ஒரே கருமுட்டையில் தோன்றி ஒரே ஜீனாக்கம் கொண்ட இரட்டையரிலும் ஒருவரால் முடிந்து மற்றவரால் முடியாமல் போவதை 1952இல் ஆய்வாளர் மாட்லாக் காட்டிவிட்டார். பெற்றோரால் முடியாததைத் தன்னால் செய்ய முடிகிறதே என்று எண்ணி, தான் அவர்களுடைய பிள்ளைதானா என ஒரு குழந்தை ஐயம் கொள்ள இந்த அட்டை இடம் தருகிறது. ஆகவே அந்த அட்டைகளை நான் வகுப்பில் காட்டவில்லை.

ஜீனாக்கம் ஒன்றே புறத்தோற்றத்தை முடிவு செய்கிறது என்ற எண்ணத்தையும் பெட்டி விட்டுச்செல்கிறது. அதை நீக்க நம் மாவட்டத்து மாந்தோப்புகளே போதும். ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய பெங்களூரா என்னும் மா வகைக் கன்றுகளின் மேற்கிளைகள் அனைத்துக்கும் ஜீனாக்கம் ஒன்றே. ஆனாலும் கிணற்றுநீர் பாயும் தோப்பிலும் மானாவாரி மேட்டிலும் அவை ஒரேபோல் வளர்வதில்லை, காய்ப்பதுமில்லை. அதே பெங்களூராவின் கொட்டையை நட்டால் ஏன் தாய்மரத்தைப் போன்ற மரம் கிடைப்பதில்லை என்று கேட்டபோது, கொட்டையில் இரண்டு பைகளின் மணிகளும் கலந்துவிடுகின்றன என்று மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மணிப்பைகளைக் காட்டியே விடை சொன்னார்கள்.

மணிகளின் அளவைச் சரிசெய்து, பட அட்டைகளை நீக்கினால் இந்த விலை நியாயமானது. இப்போதைய நிலையிலும், மேற்சொன்ன திருத்தங்களோடு பயன்படுத்தத் தயாராக உள்ள ஆசிரியர்கள் வாங்கலாம். வாங்க இயலாத பள்ளிகளில், தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டைகள் இரண்டு போதும். கருப்புப் பக்கம் ஓங்கு, வெள்ளைப் பக்கம் ஒடுங்கு. ஆனால் தேய்ப்பு கூடினாலோ குறைந்தாலோ கொட்டை ஒரு பக்கமாகவே விழும் என்பதால், முதலில் ஒவ்வொன்றையும் ஐம்பது முறை உருட்டி எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.